அந்த பஸ் எங்கே போனது

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். காற்று நேராகப் பட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு நான் சொல்வது உங்களுக்குக் கேட்காது.

தமிழில்தான் சொல்லப் போகிறேன். மலையாளம் எனக்கு நன்றாக வரும். இந்த ஊரில் பிறந்தவன். ஆனால் நடந்தது எல்லாம் தமிழில் நடந்தது. உங்கள் அம்மாவுக்கு நாகர்கோவில் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். அதனால் உங்களுக்குப் புரியும், மகேஷ்குமார் சார்.

பெயர் சாம்பசிவன். வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு. மனைவி விஜயம் இறந்து நாலைந்து வருடம் ஆகிறது. குழந்தைகள் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுதிக்கொள்வீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கழக்கூட்டத்தில் ஹோட்டலுக்குப் பின்னால் செத்துப்போனவர், நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஆள் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியுமா என்று. அவருடைய அக்கா திருநெல்வேலிப் பக்கத்து அகதி முகாமிலிருந்து வந்து உடலை வாங்கிக்கொண்டு போனதையும் சொன்னீர்கள். யோசித்துச் சொல்ல ஒரு நாள் கொடுத்தீர்கள். யோசிக்க ஒன்றும் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

என் வேலை பரிசு கொடுப்பது. இலங்கையில் சண்டை முடிந்தபோது பிள்ளைகளைத் தொலைத்த குடும்பங்கள் சேர்ந்து வெளிநாட்டில் ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தப்பி ஓடியவர்கள் சிலர் இந்தியாவில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தகவல் சொல்கிறவர்களுக்குப் பரிசு உண்டு. தகவலைக் கேட்பேன். ஆளை நேரில் போய்ப் பார்ப்பேன். உண்மை என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு அங்கே எழுதுவேன். பணம் கொடுத்தாயிற்று என்று எழுதினால் ஆள் அவன்தான் என்று அர்த்தம். அதற்குமேல் அங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்படித்தான் அந்த வேலையை அமைத்திருந்தார்கள். முன்பு அந்தக் குடும்பங்களின் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் இதைக் கொடுத்தார்கள்.

திருவனந்தபுரத்துக்குத் தனியாக ஏன் ஓர் ஆள் என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வாயைத் திறந்தால் மலையாளியா என்று கேட்பார்கள். இங்கே யாருடைய தமிழும் யாருக்கும் வித்தியாசமாகப் படாது. எங்கள் தெருத் தமிழில் பாதி மலையாளம். கிழக்கேகோட்டையில் பழக்கடை போட்டிருக்கும் தென்காசிக்காரரின் தமிழிலும் பாதி மலையாளம். ஒளிய நினைப்பவனுக்கு இது வசதியான ஊர்.

பரிசு என்று தெரிந்ததும் ஊரெல்லாம் தப்பி ஓடியவர்களாகிவிட்டார்கள். புட்டுக்குச் சம்பல் கேட்டார் என்பதற்காக ஒருவரைச் சொன்னார்கள். அவர் பாலக்காட்டுக்காரர். ஒரு அம்மாள் தன் வீட்டு மாடியில் குடியிருந்தவரைச் சொன்னாள். அவர் வாடகை பாக்கி வைத்திருந்தார். நான் ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்து, இல்லை என்று எழுதி அனுப்பினேன். கவனமாகத்தான் செய்தேன். அறக்கட்டளையில் கேட்டுப் பாருங்கள்.

பூரணம் அம்மாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

டொரோன்டோவில் சின்ன மகன் நிரோஜனோடு இருக்கிறார். மூத்தவன் வாகீசன். சண்டை முடிந்த வாரம் ஆயிரக்கணக்கானவர்களோடு அவர்கள் மூவரும் ஒரு பாலத்தைக் கடந்து வந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஜீப். அதில் முகத்தைச் சாக்கால் மூடி ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். வரிசையில் வருகிறவர்களை அவன் பார்ப்பான். அவன் தலையை அசைத்தால் அந்த ஆளைத் தனியே நிறுத்தி பஸ்ஸில் ஏற்றுவார்கள். அப்படிப்பட்டவனை அங்கே தலையாட்டி என்பார்கள். வாகீசன் வந்தபோது அவன் தலையை அசைத்தான். பஸ் போய்விட்டது. தலையாட்டி முழங்கால் மேல் வைத்திருந்த இடது கையில் சுண்டுவிரல் இல்லை. பூரணம் அம்மா பார்த்தது அவ்வளவுதான்.

அவன் யார் என்பது பிறகு ஊருக்குத் தெரிந்தது. படகில் இந்தியாவுக்குப் போய்விட்டான். படம் எதுவும் இல்லை, வீடு எரிந்துவிட்டது. அவனுடைய தாய் மட்டும் இன்றும் அந்த ஊரில் இருக்கிறாள். பூரணம் அம்மா அதை அடிக்கடி சொல்வார். “அவளுக்குத் தன்ர பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டு தெரியும் மோனை. அவள் நித்திரை கொள்ளுவாள்.”

மோனை என்றால் மகனே. இங்கே பஸ் கண்டக்டரும் எல்லாரையும் மோனே என்றுதான் கூப்பிடுகிறார். நான் அதைக் கவனித்ததில்லை.

அவருக்கு வேண்டியது கோர்ட் இல்லை. தண்டனையும் இல்லை. அவனைக் கண்டுபிடித்து ஒரு கேள்வி கேட்க வேண்டும், அந்த பஸ் எங்கே போனது என்று. அதற்காகத் தன் தாலிக்கொடியை விற்று அறக்கட்டளையில் பரிசுக்குக் கட்டியிருந்தார். முதலில் மாதம் ஒரு தடவை பேசினார். பிறகு வாரம் ஒரு தடவை. பிறகு தினமும். நிரோஜனுக்கு அம்மா இதில் இறங்கியது பிடிக்கவில்லை. அவன் வேலைக்குக் கிளம்பியதும் அங்கிருந்து கூப்பிடுவார். எனக்கு அது விளக்கு வைக்கிற நேரம். சாப்பிட்டாயா என்று கேட்பார். என்ன குழம்பு என்று கேட்பார். ரசம் மட்டும் என்றால் திட்டுவார். “ஆம்பிளை தனிய இருந்தால் உப்பிடித்தான். ஒரு முட்டையெண்டாலும் பொரிக்கலாமே, ஓ, நீங்கள் ஐயர் ஆக்கள்,” என்று சிரிப்பார்.

இந்த வருடம் ஏப்ரலில் ஒரு நாள் சொன்னார். “இனிக் காணும் மோனை. எனக்கு ஏலாமல் கிடக்கு. டொக்டரும் சொல்லிப்போட்டார். சித்திரையோட நான் இதை விடுறன். உனக்கும் கரைச்சல்.” எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றேன். இனிமேல் கூப்பிட மாட்டேன் என்றார். அன்றைக்கு நான் விளக்கு ஏற்றவில்லை.

பதில் கிடைக்காமலே அவர் போய்விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அதுதான் காரணம். இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஞானையன் வந்தது அந்த வாரம். கழக்கூட்டத்தில் ஐ.டி. ஆட்கள் சாப்பிடும் ஹோட்டலில் அவர் மேஸ்திரி மாதிரி. மார்த்தாண்டத்துக்காரர். கிழக்கேகோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

“தாணுமாலையன்னு பேரு சொல்லுகான் சாரே. எங்க பக்கத்துச் சாமிக்க பேரு. செரி, சுசீந்திரம் தேரு எப்பம்டேன்னு கேட்டேன். மலயாளத்துல சிரிக்கான். நம்ம ஊருக்காரன் இல்ல கேட்டியளா. எடது கையில சின்ன வெரலும் இல்ல.”

விரல் எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

“இங்க வரும்பமே வெரல் இல்ல. எனக்கென்ன தெரியும், நானா வெட்டினேன்?” என்று சிரித்தார். செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். மாவு பிசைந்துகொண்டு நிமிர்ந்து பார்க்கிற முகம். முப்பத்தைந்து வயது இருக்கும்.

நான் போய்ப் பார்த்தேன். அகதிகளுக்கு உதவி செய்கிற ஆள் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவை போனபோது சித்திரா பௌர்ணமி. ஹோட்டல் ஆட்கள் தங்கும் தகர ஷெட்டில், மத்தியான வேலை முடிந்து, அவர் தனியாக ஒரு அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார்.

இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் அந்த வாக்குமூலங்களை மொழிபெயர்த்தபோதுதான் தெரிந்தது. நாம் ஆடி அமாவாசைக்குப் போய் எல்லாருக்கும் சேர்த்துச் செய்துவிடுவோம். யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லை. தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. அன்று விரதம் இருந்து, கஞ்சி காய்ச்சி, யாருக்காவது கொடுத்துவிட்டுக் குடிப்பார்கள். தாய் உயிரோடு இருக்கிறவன் அந்த விரதத்தை இருக்க மாட்டான். வேடிக்கைக்குக்கூட இருக்க மாட்டான். அது தாயைச் செத்துப்போ என்று சொல்வது மாதிரி.

“நீங்கள் குடிப்பியளோ?” என்று கேட்டார். “ஐயர் ஆக்கள் மற்றவை வைச்ச கஞ்சி குடிப்பினமோ தெரியாது. ஆருக்கும் குடுத்துப்போட்டுத்தான் நான் குடிக்கோணும். ஞானையன் அண்ணைக்குக் குடுத்தால் உப்புக் காணாது எண்டுவார்.”

குடிக்கிறேன் என்றேன். ஒரு எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். தேங்காய்ப்பால் விட்டிருந்தது. உப்பு சரியாகத்தான் இருந்தது.

அம்மா முகாமில் செத்துப்போனதைச் சொன்னார். சின்ன வயதில் அம்மாவோடும் அக்காவோடும் படகில் வந்ததைச் சொன்னார். அனுமதி இல்லாமல் முகாமை விட்டு வந்ததால் பெயரை மாற்றிக்கொண்டதைச் சொன்னார். விரல் நாகர்கோவிலில் ஒரு ஹோட்டல் கிரைண்டரில் போனது. நான் எதுவும் கேட்கவில்லை. கஞ்சி குடிக்க ஓர் ஆள் கிடைத்ததில் அவராகவே சொன்னார். கடைசியில், “என்ர பேர் சிவதாசன்,” என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். ரொம்ப நாளாக அந்தப் பெயரைச் சொல்லாதவர் மாதிரி இருந்தது.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: தெரியும். அவர் அக்கா வந்து சொல்வதற்கு முன்பே தெரியும். அந்தத் தம்ளரைக் கீழே வைக்கும்போதே தெரியும்.

மறுநாள் ஞானையனுக்குப் பரிசைக் கொடுத்தேன். கொடுத்தாயிற்று என்று எழுதினேன்.

சாயங்காலம் நானே பூரணம் அம்மாவைக் கூப்பிட்டு, ஆள் கிடைத்துவிட்டான் என்றேன். “கேட்டனீயோ?” என்றார். கேட்டேன் என்றேன். பஸ் வடக்கே போனது, வழியில் ஷெல் விழுந்தது, உள்ளே இருந்தவர்கள் வலி தெரியாமல் போய்விட்டார்கள், பக்கத்தில் ஒரு பாலை மரத்தடியில் புதைத்தார்கள் என்றேன். அதை முன்பே யோசித்து வைத்திருந்தேன். அத்தனை வாக்குமூலங்களை மொழிபெயர்த்தவனுக்கு அது கஷ்டமில்லை.

அவர் அழுதார். நன்றாக அழட்டும் என்று இருந்தேன். நான் ஒரு நல்ல காரியம் செய்ததாக அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அந்தப் பகுதியை மட்டும் தனியாக எடுத்தால் அது நல்ல காரியம்தான்.

இனிமேல் கூப்பிட மாட்டார் என்று நினைத்தேன். மறுநாளும் கூப்பிட்டார்.

“மோனை, அவன்ர உடுப்பு என்ன நிறம் எண்டு கேட்டனீயோ?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவரே முன்பு ஒரு தடவை நீலச் சட்டை என்று சொல்லியிருந்தார். மறுநாள் நீலம் என்றேன். “ஓம், ஓம், நீலம்,” என்றார். அடுத்த நாள் இன்னொரு கேள்வி. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இருந்தானா. யாராவது பக்கத்தில் இருந்தார்களா. அவன் தண்ணீர் கேட்டானா. கேட்டான், கொடுத்தார்கள் என்றேன். “ஆர் குடுத்தது?” என்றார். ஒரு சின்னப் பையன், சிப்பாய், தன் போத்தலிலிருந்து கொடுத்தான் என்றேன். “அந்தப் பிள்ளை நல்லா இருக்கோணும்,” என்றார்.

தினமும் ஒரு கேள்வி. நான் பகலில் அதற்குப் பதில் தயார் செய்வேன். விஜயம் போன பிறகு நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை. சாயங்காலம் குளித்து, விளக்கேற்றி, போன் பக்கத்தில் உட்காருவேன். அவருடைய குரலிலும் தெம்பு வந்திருந்தது. டாக்டர் ஆச்சரியப்பட்டதாகச் சொன்னார்.

பிறகு முகத்தைக் கேட்டார். “ஒருக்காக் காட்டு மோனை. நான் ஒண்டும் செய்யமாட்டன். என்ர பிள்ளையைக் கடைசியாப் பார்த்த முகமெல்லே.” நாலைந்து நாள் தள்ளிப் போட்டேன். அவர் கோபித்துக்கொண்டு ஒரு நாள் கூப்பிடவில்லை. நான் படத்தை அனுப்பினேன்.

அவருடைய போனில் அதை நிரோஜன் பார்த்தான்.

டொரோன்டோவிலிருந்து வந்து இறங்கியதும் நிரோஜன் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தான். நல்ல பையன். செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தான். “அம்மாவோட கதைக்கிற ஆள் நீங்கள்தானே அண்ணை?” என்றான். ஆமாம் என்றேன். அம்மா கொடுத்தார் என்று ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தான். இந்த ஊரில் ஸ்வெட்டர் எதற்கு என்று இரண்டு பேரும் சிரித்தோம். காபி போட்டுக் கொடுத்தேன்.

“நான் சண்டைக்கு வரேல்லை,” என்றான். “கதைக்கத்தான் வந்தனான். பஸ்ஸில ஷெல் விழுந்தால் இவன் எப்படித் தப்பினவன்? அவன் ஜீப்பிலயெல்லே இருந்தவன்? அம்மா கேக்க மாட்டா. நான் கேப்பன்.”

கெட்டிக்காரன். அந்த ஓட்டையை நான் கவனித்திருக்கவில்லை.

அவனும் சிவதாசனும் உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். சிவதாசன் அம்மாவைப் பற்றிச் சொல்வார், முகாமைப் பற்றிச் சொல்வார், என்னோடு கஞ்சி குடித்ததைச் சொல்வார். நிரோஜன் அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிடுவான். நீலச் சட்டை போகும். தண்ணீர் கொடுத்த சிப்பாய் போவான். அந்தப் பாலை மரம் போகும். பூரணம் அம்மா மறுபடி பாலத்தடியில் நிற்பார்.

அதனால் ஒன்று சொன்னேன். இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஞானையனுக்கும் தெரியாது. நிரோஜனும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு அது தப்பாகத் தெரிந்திருக்காது. நானாகச் சொல்கிறேன்.

“அவன் முதலில் இல்லை என்றுதான் சொல்வான், தம்பி. என்னிடமும் அப்படித்தான் சொன்னான். அழுவான். அம்மா செத்துட்டா, சின்ன வயசிலயே வந்துட்டேன் என்பான். எல்லாம் பாடம் பண்ணி வைத்திருக்கிறான். நம்பாதே. கடைசியில்தான் ஒப்புக்கொள்வான்.”

நிரோஜன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். காபியை முழுக்கக் குடித்தான்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கிழக்கேகோட்டையிலிருந்து பஸ். பைபாஸில் இறங்கி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றோம். மத்தியானக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சிவதாசன் வாசலில் பெரிய பாத்திரம் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நீட்டிக் காட்டினால் நன்றாயிருக்காது. நிரோஜன் என்னைப் பார்த்தான். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவன் ரோட்டைக் கடந்தான். எனக்கு எதிர்ப்பக்கத்து பஸ் உடனே கிடைத்தது.

மிச்சத்தை ஞானையன் சொல்லித்தான் தெரியும். உங்களிடமும் சொல்லியிருப்பார். சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரமாட்டேன் என்றார்.

“பின்னாடி வெறகு அடுக்கியிருக்க எடத்துல வச்சு கேட்டான் சாரே, பஸ்சு எங்கடா போச்சு, பஸ்சு எங்கடா போச்சுன்னு. இவன் எந்த பஸ்சு, எந்த பஸ்சு அண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அழுதான். அம்மைக்க பேரச் சொன்னான். அதச் சொல்லச் சொல்லத்தான் அவனுக்கு வெறி ஏறிச்சு. நான் ஓடி வரதுக்குள்ள அடுப்புக் கம்பி…” பரிசுப் பணம் இருந்த கவரை வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை இன்னும் உள்ளே எடுக்கவில்லை. மழையில் நனைந்திருக்கும்.

நிரோஜன் ஓடவில்லை. நீங்கள் வரும்வரை சிவதாசன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான் என்று கேள்விப்பட்டேன். அவன் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவன் போட்டது ஒரு கையெழுத்து மாதிரிதான். எழுதி வைத்தது நான். இப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனுடைய வக்கீலுக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

சிவதாசனின் அக்காவுக்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கஞ்சிக்கு உப்பு சரியாக இருந்தது என்று சொல்லலாம். அது மட்டும்தான் அவரைப் பற்றி நான் சொன்ன உண்மையாக இருக்கும்.

பூரணம் அம்மா அதற்குப் பிறகும் கூப்பிட்டார். சின்ன மகன் ஜெயிலில் இருப்பது தெரியும். வீட்டில் யாரும் இல்லை, வெந்நீர் ஹீட்டர் வேலை செய்யவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றார். எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று நான் இங்கிருந்து கண்டுபிடித்துச் சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டார். “மோனை, ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லு. அவன்தானே?”

“ஆமாம் அம்மா,” என்றேன்.

“கடைசியில என்ன சொன்னவன்?”

மன்னிப்புக் கேட்டான் என்றேன். அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் நேரத்தோடு தூங்கிவிட்டதாக மறுநாள் சொன்னார்.

சார், எனக்கு ஜாமீன் வேண்டாம். வக்கீலும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் சொன்ன எதையும் அவருக்குத் தெரிவிக்காதீர்கள். அவருக்கு உடம்பு முடியவில்லை. அவருக்காகத்தான் கேட்கிறேன். என் போன் உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அடிக்கும். என்னை எடுக்க விடுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருந்து கேளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவருக்கு இப்போது என்னை விட்டால் வேறு மகன் இல்லை.